மாம் டோர் முகட்டைக் குறுக்கே கடந்து

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள மாம் டோர் என்னும் மலையின் உச்சிக்கு எளிதான வழி ஒன்று இருக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கற்படிகளில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் 517 மீட்டர் உயரத்தில் நிற்கலாம். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். விடுமுறை நாட்களில் அங்கே வருகிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அது நல்ல வழிதான். மற்றவர்கள் கேட்டால் நான் வேறு வழி சொல்வேன். ரயிலில் வந்து ஈடேல் கிராமத்தில் இறங்குங்கள். முகட்டின் மேல் நடங்கள். மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி ஹோப் நிலையத்தில் ரயிலேறுங்கள். இந்த மலையை உச்சியில் நின்று பார்ப்பதைவிடக் குறுக்கே கடந்து பார்க்க வேண்டும். நூற்றாண்டுகளாக மனிதர்கள் இதைப் பயன்படுத்தியது அப்படித்தான்.

மான்செஸ்டருக்குக் குடிவந்ததிலிருந்து டார்பிஷயரின் இந்தப் பகுதிக்கு எல்லாப் பருவங்களிலும் வந்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலும் மனைவியும் மகளும் உடன் வருவார்கள், சில நாட்கள் தனியாக. இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறியிருக்கும் நம்மவர்கள் கார் வாங்கும் வரை மலைப்பக்கம் போக முடியாது என்று நினைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இந்த மலைக்கு அது பொருந்தாது. மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் மலைகளினூடே இணைக்கும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1894 முதல் ஓடுகிறது. மெதுவாக, நின்று நின்று போகும் ரயிலில் ஏற வேண்டும். விரைவு ரயில்கள் ஈடேலைக் கடந்து போய்விடும். மான்செஸ்டரிலிருந்து வந்தால் கௌபர்ன் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. அது முடிந்ததும் ஜன்னல் முழுக்கப் பச்சை. அந்த வெளிச்சத்துக்காகவே என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருப்பாள்.

ரயிலில் போவதில் இன்னொரு நன்மை உண்டு. ஒரு நிலையத்தில் இறங்கி வேறொரு நிலையத்தில் ஏறலாம். கார் வைத்திருப்பவர் எங்கே சுற்றினாலும் காருக்கே திரும்ப வேண்டும். கோடைக்கால ஞாயிறு என்றால் அந்தக் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் கிராமத்துச் சாலைகளில் ஒரு மணி நேரம் அலைய நேரிடும்.

ஈடேல் நிலையத்திலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்னும் தாழ்ந்த கடவு வரை போகும் ஏற்றம் முழுவதும் பண்ணை நிலங்களின் ஊடாகத்தான். முதல் முறை வருபவர்கள் தயங்கும் இடம் இதுதான். மூடிய கேட், அப்பால் ஒருவருடைய புல்வெளி, நூறு ஆடுகள், தூரத்தில் அவருடைய வீடு. உள்ளே போகலாமா? போகலாம். மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரைகளும் சைக்கிள்களும்கூட வரலாம். நிலம் தனியாருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. எந்த நாட்டுக் குடியுரிமை என்று அந்தப் பாதை கேட்பதில்லை. இந்த நாட்டில் எனக்கு முதலில் கிடைத்த உரிமைகளில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

உரிமையோடு சில கடமைகளும் வருகின்றன. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்து வைத்திருந்தால் திறந்தபடி விடுங்கள். ஆடுகள் தண்ணீருக்குப் போகட்டும் என்று பண்ணைக்காரர் திறந்து வைத்திருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் தாயோடு இருக்கும். குழந்தைகள் ஆசையாக ஓடிப் பிடிக்கப் பார்ப்பார்கள், விடக் கூடாது. கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்தை இன்னும் கவனமாகக் கடக்க வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், பாதையை விட்டாவது ஓரமாகச் சுற்றிப் போய்விடுங்கள். நம் ஊர் மாட்டோடு பழகியவர்கள் இங்கே தைரியமாக நடுவில் புகுந்து போவதைக் கண்டிருக்கிறேன். வயலில் மந்தையாக விடப்பட்ட இந்த மாடுகளுக்கு மனிதர் அவ்வளவு பழக்கம் இல்லை.

ஏற்றம் முடிந்து ஹாலின்ஸ் கிராஸில் நின்றால் இருபக்கமும் இரண்டு வேறு உலகங்கள். பின்னால் வடக்கே ஈடேல், அதற்கு மேல் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தின் கருத்த விளிம்பு. முன்னால் தெற்கே கேஸில்டன் கிராமம், அதன் தலைமேல் பெவரில் கோட்டையின் இடிபாடு, அதற்கு அப்பால் வெளிர்நிறச் சுவர்கள் கட்டம் போட்ட வயல்கள். வடக்கே மணற்கல், தெற்கே சுண்ணாம்புக்கல். நிறம் மாறுவது அதனால்தான். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்ததால்தான் கேஸில்டனைச் சுற்றி அத்தனை குகைகள். ப்ளூ ஜான் என்னும் ஊதாவும் மஞ்சளும் கலந்த கனிமமும் அந்தப் பக்கத்துப் பாறையில்தான் கிடைக்கிறது.

இந்தக் கடவில் எல்லோரும் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் உட்காரலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஈடேலுக்குச் சொந்தமாகத் தேவாலயம் கிடைக்கும் வரை அங்கே யாராவது இறந்தால் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இந்த ஏற்றத்தை ஏறி, மறுபக்கம் கேஸில்டனில் இறங்கித்தான் அடக்கம் செய்ய வேண்டும். நாம் முதுகில் ஒரு பையோடு மூச்சு வாங்கிய அதே ஏற்றத்தில், பனியிலும் மழையிலும், ஆறு பேர் ஒரு பெட்டியோடு. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஈடேலில் பஞ்சாலை வந்தது. கேஸில்டன் பெண்கள் வேலைக்காக இந்த முகட்டைக் கடந்து போய், வேலை முடிந்து திரும்பக் கடந்து வந்தார்கள். ஆலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, குடியிருப்பாக. உச்சிக்கு நேராகக் காரில் வருபவர்களுக்கு இந்தப் பாதை தெரியவே தெரியாது. நான் குறுக்கே கடக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இந்தப் பெண்கள்தான்.

ஹாலின்ஸ் கிராஸிலிருந்து வலப்பக்கம், மேற்கே திரும்பினால் மாம் டோர். பாதை முழுவதும் கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் மிதித்துச் சேறாகிப் பாதை அகன்றுகொண்டே போனதால் செய்த வேலை அது. கல்லின் மேலேயே நடங்கள், ஓரத்துப் புல்லில் வேண்டாம். உச்சியை நெருங்கும்போது பாதையின் இருபுறமும் புல் மூடிய மண்மேடு வளைந்து போவது தெரியும். அது இயற்கை மேடு அல்ல. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் எழுப்பிய கோட்டையரண். உள்ளே சரிவில் வட்ட வட்டமாகத் தளம் வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தப் பள்ளங்கள் நிழலாகக் கண்ணுக்குப் புலப்படும். நண்பகலில் ஒன்றும் தெரியாது.

அரணின் ஒரு பக்கத்தை மலையே விழுங்கிவிட்டது. மாம் டோரின் கிழக்கு முகம் உடைந்த முகம். மணற்கல்லும் வலுவற்ற களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை இது. அடியில் இருப்பது களிப்பாறை மட்டுமே. மழைநீர் உள்ளே இறங்கி அழுத்தம் கூடும்போது அடிப்பகுதி தாங்காமல் சரிகிறது. சுமார் நான்காயிரம் ஆண்டுகளாகச் சரிந்துகொண்டிருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. இதன் மேல்தான் 1819-இல் சாலை போட்டார்கள். பக்கத்து வின்னட்ஸ் கணவாய் குதிரை வண்டிகளுக்கு மிகச் செங்குத்தாக இருந்ததால், சாய்வு குறைந்த வழியாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து விரிசல் விடுவதும் செப்பனிடுவதுமாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிவிட்டு, 1979-இல் சாலையை நிரந்தரமாக மூடினார்கள். இன்று கார்கள் மறுபடியும் வின்னட்ஸ் வழியாகவே ஏறுகின்றன.

அந்தச் சாலையைக் கீழே இறங்கிப் பார்க்க நேரம் ஒதுக்கினால் அது வீண் போகாது. ஹாலின்ஸ் கிராஸிலிருந்து கேஸில்டன் பக்கம் இறங்கும் பாதைகள் வழியே அங்கே போகலாம். முகட்டுக்குத் திரும்பி ஏற ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு வரைந்த தார்ச்சாலை பாளம் பாளமாகப் பிளந்து, ஒரு பாளம் இடுப்பளவு கீழே போய் நிற்கிறது. உடைந்த விளிம்பில் தார் மேல் தார், சரளை மேல் சரளை என்று ஒவ்வொரு தலைமுறையும் போட்ட ஒட்டு அடுக்கடுக்காகத் தெரிகிறது. மகள் அந்த அடுக்குகளைக் கையால் தடவிவிட்டு, "அப்பா, மலை நகருதுன்னு தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்பப் போட்டாங்க?" என்று கேட்டாள். ஊருக்கு வேறு நல்ல வழி இல்லை என்பதைச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் நிலச்சரிவைப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். பாளங்களின் விளிம்பில் குதிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உச்சியிலிருந்து உடைந்த முகத்தின் வழியே நேராக இறங்கப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. கல் இளகி உருளும் சரிவு அது.

இனி வானிலை. இந்த மலைகள் ஊட்டியில் கால்வாசி உயரம்கூட இல்லை. அதனாலேயே ஆட்கள் ஏமாறுகிறார்கள். இங்கே ஆளைச் சோதிப்பது உயரம் அல்ல, காற்றும் ஈரமும். முகட்டில் மரம் கிடையாது, ஒதுங்கச் சுவர் கிடையாது, மேற்கிலிருந்து வரும் காற்று நேராக அடிக்கும். ஈடேல் நிலையத்தில் மேல்சட்டையைக் கழற்றத் தோன்றும் நாளில்கூட உச்சியில் விரல்கள் மரத்துப்போகும். ஒரு மார்ச் மாதம் முகட்டில் ஒரு இளம் தம்பதியைச் சந்தித்தோம். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். இருவரும் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் அணிந்திருந்தார்கள். சாரல் நனைத்து, காற்று அடித்து, அந்தப் பெண்ணுக்கு உதடு நடுங்கிப் பேச்சு வரவில்லை. என் மனைவி தன் கையுறையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்த ரசத்தை ஊற்றிக் கொடுத்தாள். "குடிம்மா, முதல்ல குடி" என்று அவள் அதட்டியதும் அந்தப் பெண் இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டாள். முகட்டை விட்டு ஈடேல் பக்கம் நூறு மீட்டர் இறங்கியதுமே காற்று தணிந்து இருவரும் தேறிவிட்டார்கள்.

பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதை ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் மற்றவை தானாக வரும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை, நடுவில் ஃபிளீஸ், மேலே தண்ணீர் புகாத கோட்டு. விலை உயர்ந்த நிறுவனங்களின் பெயர் தேவையில்லை. மழைக்கோட்டில் தலைமூடியும், பூட்ஸின் அடியில் ஆழமான பற்களும் இருந்தால் போதும். கையுறையும் கம்பளிக் குல்லாவும் மே மாதத்திலும் என் பையில் இருக்கும். சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புளிசாதமும் தயிர்சாதமும் குளிரில் விறைத்துத் தொண்டையில் இறங்காது. சப்பாத்தியில் உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டி எடுத்துப் போனால் நடந்துகொண்டே சாப்பிடலாம். ரசம் ஃபிளாஸ்கில் ஐந்து மணி நேரம் சூடாக இருக்கும். தேநீரைவிட அது நன்றாகத் தெம்பூட்டுகிறது என்பது எங்கள் வீட்டின் உறுதியான முடிவு.

நேரக் கணக்குக்கு நான் இன்றும் நம்புவது ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதியை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். ஈடேலிலிருந்து மாம் டோர் தொட்டு, திரும்பி முகடு முழுவதும் நடந்து ஹோப் நிலையம் சேர ஏறத்தாழ 12 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தமாக 400 மீட்டர் சொச்சம். விதிப்படி மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இது நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு. சாப்பாடு, படம், குழந்தையின் கேள்விகள் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே குளிர்காலத்தில் காலை பத்து மணிக்குள் ஈடேலில் இறங்காவிட்டால் நான் முழு முகட்டுக்கும் போவதில்லை. ஹாலின்ஸ் கிராஸோடு கேஸில்டனுக்கு இறங்கிவிடுவேன். ஜூனில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அப்போது இந்தக் கவலை இல்லை.

வரைபடம் கையில் இருக்கட்டும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவுப் படத்தில் பொது நடைபாதைகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாக இருக்கும். யாரும் எங்கும் நடக்கலாம் என்று சட்டம் திறந்துவிட்ட நிலம் வெளிர் மஞ்சளாக இருக்கும். கைபேசியிலும் அதே படம் கிடைக்கிறது, ஆனால் குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், பள்ளங்களில் சிக்னல் போய்விடும். விபத்து என்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், மீட்டதற்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போகும். அதற்கு முன்கூட்டியே 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே செய்துவிடலாம். விசில் வைத்திருந்தால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

மாம் டோரிலிருந்து வந்த வழியே ஹாலின்ஸ் கிராஸுக்குத் திரும்பி, கிழக்கே தொடர்ந்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். மூடுபனி வந்தாலும் இந்த முகட்டில் வழி தவறுவது கடினம். இடப்பக்கமும் சரிவு, வலப்பக்கமும் சரிவு, பாதை நடுவில். வழியில் வரும் பேக் டோர் குன்றின் செங்குத்து ஏற்றத்தில் மட்டும் காலைப் பார்த்து வையுங்கள். மழைக்குப் பின் அங்கே மண் வழுக்கும். அதைத் தாண்டினால் 476 மீட்டரில் லூஸ் ஹில். கிண்டர் ஸ்கவுட் முழுவதும் நேரெதிரே நீண்டு கிடக்கும். நான் சாப்பாட்டைப் பிரிப்பது எப்போதும் இங்கேதான்.

ஷெஃபீல்டின் ஜி. எச். பி. வார்டு 1900-இல் ஒரு சிறு குழுவோடு ரயிலில் ஈடேலுக்கு வந்து கிண்டரைச் சுற்றி நடந்தார். தொழிலாளர்களுக்கான நடைக் குழு ஒன்று அதிலிருந்து பிறந்தது. 1945-இல் இந்த லூஸ் ஹில் உச்சியை வாங்கி அவருக்கே பரிசளித்தார்கள். அவர் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். எதிரே தெரியும் கிண்டரோ அந்தக் காலத்தில் பணக்காரர்கள் பறவை சுடுவதற்காகப் பூட்டி வைத்த நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று ஏறத்தாழ நானூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து தடையை மீறி அதன் மேல் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு, ஆறு பேர் கைது, ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறை. முன்னின்று நடத்திய பென்னி ராத்மன் மான்செஸ்டர்காரர், இருபது வயது, ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் இந்த மலைகள் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. திறந்தவெளி நிலத்தில் நடக்கும் உரிமையைத் தந்த சட்டம் 2000-இல்தான் வந்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு வீட்டின் பையன் சிறை சென்று கேட்ட உரிமையில், வெளிநாட்டிலிருந்து வந்த நான் என் மகளோடு நடக்கிறேன். இந்த நாட்டு வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமான பக்கம் அது.

லூஸ் ஹில்லிலிருந்து ஹோப் கிராமத்துக்கு இறக்கம் எளிது, வழியெல்லாம் மேய்ச்சல் நிலம். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி கண்ணில் படும். அந்தத் திசையில் கிராமம். நிலையம் கிராமத்திலிருந்து கிழக்கே பதினைந்து நிமிட நடை. இதைக் கணக்கில் சேர்க்காமல் கடைசி நேரத்தில் ஓடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரயில் சாதாரணமாக மணிக்கு ஒன்றுதான், எனவே திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஷெஃபீல்டுக்குப் போகிறவர்களுக்குக் கேஸில்டனிலிருந்து ஹோப் வழியாகப் பஸ்ஸும் உண்டு.

இந்த முகடு பழகிய பிறகு கிண்டருக்குப் போகலாம். அதுவும் ஈடேல் நிலையத்திலிருந்தே தொடங்கும் நடைதான். ஆனால் அதன் மேல்தளம் அகன்ற கரிச்சதுப்பு. முகட்டைப் போல இருபக்கச் சரிவு வழிகாட்டாது, மூடுபனியில் எல்லாத் திசையும் ஒன்றாகவே இருக்கும். திசைகாட்டியை வரைபடத்தின் மேல் வைத்துத் திசை எடுக்கத் தெரியாமல் அங்கே நடுப்பகுதிக்குள் போக வேண்டாம். விளிம்பை ஒட்டிய பாதையே முதல் முறைக்குப் போதுமானது. 1932-இல் பூட்டியிருந்த நிலத்தின் பெரும்பகுதி அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும்.